மூன்று கோடுகள்

இது பழுதாக இருக்க முடியாது. பழுதுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அவள் அதை வெளியே சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த புது டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நொடி ஒரு படகு தெரிந்தது. துள்ளியது. திரை கறுத்து 'சிக்னல் இல்லை' என்றது. மறுபடி படகு.

"டிவி ஸ்டேஷன்ல படம் சரிபாக்கத்தானே சம்பளம் வாங்குறே? இந்தச் சோப்புப் பெட்டி உனக்கே தண்ணி காட்டுதேம்மா!"

மாமா, அவள் கணவனின் அப்பா, தானே சொல்லித் தானே சிரித்தார்.

சோப்புப் பெட்டி என்றது நாற்பது வருஷத்துக்கு முன் அவர் வாங்கிய கம்ப்யூட்டரை. அதில் வரும் படகு அவர் எழுதிய புரோகிராம். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே, மாமா சொல்லிச் சொல்லி, அவளுக்கு அது மனப்பாடம். கறுப்புக் கட்டங்களால் ஆன படகு, அதில் ஒரே ஒரு ஆள். ஆளின் தலைக்குப் பின்னால் ஒரு கட்டம் துருத்திக்கொண்டிருக்கும். ஆள் தான்தான், கட்டம் தொப்பி என்பார் மாமா.

நாலு மணிக்குப் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சிக்காரர்கள் வந்து கம்ப்யூட்டரையும் புரோகிராம் பதிந்த கேசட்டையும் எடுத்துப்போகிறார்கள். படிவத்தில் 'எழுதியவர்' என்ற இடத்தில் மாமா நேற்றே தன் பெயரைப் பெரிய எழுத்தில் நிரப்பிவிட்டார். இனி படம் நிலையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அத்தை, மாமாவின் மனைவி, டிவிக்கு முதுகைக் காட்டி, மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு டீ ரெடியா இருக்கட்டும்," என்றார் மாமா அவரிடம். "இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதே. ஷாக் அடிச்சிடப் போகுது."

"வரல," என்றார் அத்தை.

அவள் காலையிலிருந்து ஒயரை மாற்றிப் பார்த்துவிட்டாள். பவர் அடாப்டரை மாற்றினாள். நடுவில் ஒரு கன்வெர்ட்டரைக் கோத்தாள். கம்ப்யூட்டரை வெறுமனே ஆன் செய்தால் திரை கல் மாதிரி நின்றது. கேசட்டிலிருந்து படகு ஏறியதும்தான் இந்தக் கூத்து.

அப்படியென்றால் கோளாறு பெட்டியில் இல்லை. படகில்.

புரோகிராமைத் திரையில் வரவழைத்து வரி வரியாகப் படித்தாள். மொத்தமே பத்தொன்பது வரிகள். பதினான்காவதில் நின்றுவிட்டாள்.

படத்துக்கு மேலே இந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் வெற்றுக் கோடுகளை விடும். அந்த வரி அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டியது. பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்தது. கோடு கூடினால் படம் இறங்கும். குறைந்தால் ஏறும்.

படகு நகரவே இல்லை. நகர்த்த இடமில்லை. அரைப் பக்கக் கடிதம் கொள்ளும் அளவுதான் மொத்த நினைவகமும். எழுதியவர் படகை விட்டுவிட்டுத் திரையையே ஆட்டியிருக்கிறார்.



பழைய டிவி இரண்டு கோடு முன்னே பின்னே இருந்தாலும் அனுசரித்துப்போகும். புது டிவி ஒவ்வொன்றாக எண்ணும். கணக்கு இடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பழைய டிவியின் பொறுமை எதுவரை போகும் என்று யாரோ நாள் கணக்கில் அதன் முன் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விஷயமில்லை. படத்தை அசையாமல் நிறுத்துவதுதான் இருபது வருஷமாக அவள் பிழைப்பு. அந்த அசைவையே தண்ணீராக்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாமாவை முதல் தடவையாக வேறு கண்ணால் பார்த்தாள்.

"மாமா, இங்க ஏன் இதோட நிறுத்திட்டீங்க? இன்னும் ஒரு கோடு கூட்டியிருக்கலாமே?"

"எந்தக் கோடு?"

"படகு ஆடுறதுக்கு வச்சிருக்கீங்களே, அது."

"அது ஆடுறதுதாம்மா பழுதே! அப்பவே ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. மட்டமான டிவின்னு விட்டுட்டேன். கோடுதான் காரணம்னா அதைத் தூக்கிடு."



பதினான்காவது வரியின் எண்ணை அடித்து ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அந்த வரி போய்விடும். அதையே கேசட்டில் மேலே பதிந்துவிட்டால் படகு எந்த டிவியிலும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். பழையது இருக்காது.

எண்ணை அடித்தாள்.

"மூணுதான் தாங்கும்," என்றார் அத்தை, திரும்பாமல். "நாலாவதுக்குப் படம் உருண்டுடும்."

மூன்று என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் கார் சத்தமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆபீசுக்குக் கிளம்பிப்போன பிறகு, அந்த நாட்களின் பகல் முழுக்க வீட்டில் இருந்தது இந்தப் பெட்டியும் அத்தையும்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அத்தையின் முதுகைப் பார்த்தாள். கழுத்துக்கு மேலே, தலைக்குப் பின்னால், சின்னதாக ஒரு கொண்டை.

பட்டாணி உரிக்கும் கை நின்றிருந்தது.

"எடுத்தாச்சாம்மா? மணி மூணே முக்கால்," என்றார் மாமா வாசலிலிருந்து.

அடித்த எண்ணை அவள் ஒவ்வொரு இலக்கமாகத் திரும்ப எடுத்தாள்.

"எழுதினவங்களைக் கேக்காம ஒரு வரியும் எடுக்க மாட்டேன் மாமா."