பச்சை விளக்கு

இப்போதெல்லாம் பெற்ற பிள்ளை பேசினால்கூட, போனில் பச்சை விளக்கு எரிந்தால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். எந்திரம் யார் குரலிலும் பேசிவிடுகிறதாம். அந்த விளக்கைக் கண்டுபிடித்ததே, கம்ப்யூட்டர் பூட்டு ஆராய்ச்சி செய்கிற என் மகள் செண்பகவல்லிதான்.

நேற்று அவள் குரல் கூப்பிட்டது. “அப்பா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். மழை கொட்டுது. வண்டி எடுத்துட்டு வாங்க.” விளக்கும் பச்சையாக எரிந்தது.

“நான் கிளம்பினதும் வீட்டை வழிச்சிட்டுப் போகலாம்னு பாக்குறியா, திருட்டு எந்திரமே?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றாள். “நான் செஞ்ச விளக்கையே நம்ப மாட்டீங்களா?”

அவள் காதைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன்.

“ஐயோ, விடுய்யா கிழவா!”

என் மகளேதான். துண்டை நீட்டினேன்.

“அப்போ விளக்கு சொன்னது நிஜந்தானே?” என்று சிரித்தாள்.

“இந்த ஒரு தடவை” என்று சொல்லிவிட்டு, அவளுக்கு வெந்நீர் போட உள்ளே போனேன்.