நமக்கு

விசுவாசம் என்பது ரத்தத்தில் ஓடுவது. அதை எந்தச் சக்தியாலும் மாற்ற முடியாது என்றார் பல் டாக்டர் வென்டல் கிரெப்ஸ்.

சொல்லும்போது மேப்பிள் பாகு அவருடைய மோவாயில் வழிந்துகொண்டிருந்தது.

மே மாதத்துச் சனிக்கிழமைக் காலை. ட்ரூடியின் உணவகத்தில், முள்ளம்பன்றிக் கொடிக்குக் கீழே உள்ள மேசை. முள்ளம்பன்றிகள் என்றால் ஊர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது நீர்நாய்கள் அணி. அவர்களைப் பற்றி அந்த மேசையில் யாரும் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

வென்டலின் சீற்றத்துக்குக் காரணம் இருந்தது. முள்ளம்பன்றிகளுக்குப் பந்தெறியும் குவார்ட்டர்பேக் பையன், பெருந்தொகை ஒன்றுக்கு ஆசைப்பட்டு அக்கரைக் கல்லூரிக்குத் தாவிவிட்டான்.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டான்!”

“காசு குடுத்தா நீயும்தான்டா பக்கத்து ஊர்ல போய்ப் பல்லு புடுங்குவ” என்றார் டயர் கடை லானி.

“பல்லு புடுங்குவேன். மானத்தைப் புடுங்கிக் குடுக்க மாட்டேன்.”

“விடுங்கப்பா” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஆர்வில். “போனவன் போகட்டும். இந்த வருஷம் நாமதான் ஜெயிக்கிறோம்.”

அந்த மேசையில் ‘நாம்’ என்றால் முள்ளம்பன்றிகள். தோற்ற வாரங்களில் மட்டும் ‘அவனுங்க’. இத்தனைக்கும் அந்த ‘நாம்’ மூவரில் ஒருவரும் மைதானத்தில் பந்தைத் தொட்டதில்லை. வென்டல் மட்டும் அந்தக் காலத்தில் கல்லூரி இசைக்குழுவில் ஜால்ரா தட்டியிருக்கிறார்.

இப்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது மணிக்காக.

ஒவ்வொரு ஆண்டும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்து மணியை ஊர் ரசிகர் ஒருவர் அடிப்பார். இந்த மேசை கைகாட்டும் ஆளிடம்தான் கல்லூரிக்காரர்கள் கயிற்றைக் கொடுப்பது வழக்கம். லானி அடித்துவிட்டார். ஆர்வில் இரண்டு தடவை அடித்துவிட்டார். இந்த முறை வென்டல் என்று ஊருக்கே தெரியும். முள்ளம்பன்றிகளின் கருஞ்சிவப்பில் கோட்டுகூட வாங்கி மாட்டிவைத்திருந்தார். தட்டுகளை எடுப்பதற்குள் மற்ற இருவரும் கை தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

“டாக்டர், உங்க பொண்ணு ஜோலீன் எந்தக் காலேஜுக்குப் போறா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் ட்ரூடி.

“ஆலோசனை நடந்துகிட்டிருக்கு” என்றார் வென்டல், இரு நாட்டுத் தூதர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல. உடனே லானி பக்கம் திரும்பினார். “அதை விடு. நம்ம தொழில்முறை அணிக்காரன் முட்டி தேய்ஞ்ச ஒரு கிழவனுக்கு டாலரை அள்ளிக் கொட்டியிருக்கானே, பாத்தியா?”

பார்த்திருந்தார்கள். ஒரு குடுவைக் காப்பி அதில் காலியானது. கிழவன் மேல் தப்பில்லை, பயிற்சியாளர்தான் தண்டம் என்றார் லானி. பயிற்சியாளரும் பாவம், முதலாளியை மாற்ற வேண்டும் என்றார் ஆர்வில். முதலாளி விஷயத்தில் மூவரும் ஒத்துப்போனதால் அந்தப் பேச்சு அங்கேயே செத்தது.

லானி மறுபடி குவார்ட்டர்பேக்குக்கு வந்தார். “அந்தப் பய அக்கரைக்குப் போயும் ஒண்ணும் கிழிக்கப்போறதில்ல. எதிராளி பாஞ்சு வந்தா அவனைக் காப்பாத்த முன்வரிசை வேணாமா? அந்த நீர்நாய்ப் பசங்க முன்வரிசை வெறும் ஈரக் காகிதம்டா!”

வென்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஈரக் காகிதமா? ஆட்டம் தெரியாமப் பேசாத. இடது பக்கம் ஒருத்தன், வலது பக்கம் ஒருத்தன், ரெண்டு மலை மாதிரி நிக்கிறானுங்க. இந்த வருஷம் நமக்கு முன்வரிசைதான் பலமே!”

ட்ரூடி ஊற்றிக்கொண்டிருந்த காப்பி கோப்பையைத் தாண்டி மேசைக்குப் போனது.

“யாருக்கு?” என்று மெல்லக் கேட்டார் ஆர்வில்.

“அவனுங்களுக்கு. அவனுங்களுக்குத்தான். வாய் தவறிடுச்சு.”

ஊரார் வாயையெல்லாம் கட்டி ஆள்வதே தொழிலாகக் கொண்டவருக்கு, வாய் தவறிவிட்டது.

லானி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஏன்டா, நானும் வரும்போதே கேக்கணும்னு நெனச்சேன். வாசல்ல இடம் காலியாக் கெடக்கு. நீ எதுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கொல்லையில, குப்பைத் தொட்டி பக்கத்துல, பின்பக்கத்தைச் சுவரோட ஒட்டி நிறுத்தியிருக்க?”

“நிழலுக்கு.”

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

இருவரும் எழுந்து சமையலறை வழியாகப் போனார்கள். வென்டல் உட்கார்ந்தபடியே பான்கேக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். எதையும் சாப்பிடவில்லை.

கொல்லையில் முதலில் சத்தமே இல்லை. வயிற்றை எக்கிக்கொண்டு லானி சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைய நேரமாகியிருக்கும். பிறகு அவருடைய சிரிப்பு பாத்திரங்களையெல்லாம் அதிரவைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே ஆர்விலின் குரல்:

“மணி எனக்குத்தான்டா! மூணாவது தடவை!”

வண்டியின் பின்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அக்கரைக் கல்லூரிக் கடையில் பெற்றோருக்காக விற்பது. ‘நான் ஒரு நீர்நாயின் அப்பா’ என்று போட்டிருந்தது.

ஒரு குமிழிகூட விழாமல் ஒட்டியிருந்தார்.