நீக்கிய பயணங்கள்

தரவுத் தரம் பற்றிய முதுகலைப் படிப்பின் கடைசி வேலையாக, மகள் நகர பஸ் அட்டைகளின் பயணப் பதிவுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். இறந்தவர் அட்டையில் பயணம் இருந்தால் அது பிழை, நீக்கிவிட வேண்டும் என்ற விதியை எழுதியதே அவள்தான். அதில் அப்பாவின் அட்டையும் சிக்கியது. போன வருஷம் அவர் இறந்ததும் அவளே கத்தரியால் வெட்டிப்போட்ட அட்டை; தினமும் மாலையில் அவருடைய பழைய ஆபீஸ் வாசலில் ஏறி, வீட்டருகே இறங்கியிருந்தது. நேற்றுகூட.

சொந்த அப்பாவுக்காக விதியை வளைத்தால் படித்த படிப்பு எதற்கு? நீக்கினாள்.

மாலையில் வீடு திரும்பியபோது கதவு தாழிட்டிருந்தது. அந்த நேரத்தில் அம்மா அதைத் திறந்தே வைப்பாள். அதற்காக மகள் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறாள்!

"நம்ம ஸ்டாப்புல பஸ் நிக்காமலே போயிடுச்சுடி," என்றாள் அம்மா. "இனி யாருக்குத் திறந்து வெக்கிறது?"

மறுநாள் நீக்கியதையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டு, மாலையில் வீட்டருகே உள்ள நிறுத்தத்தில் போய் நின்றாள். பஸ் வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை. ஓட்டுநர் அவள் முகத்தையே பார்த்தார்.

"உங்க சாயல்ல ஒரு பெரியவர் தினமும் இங்க இறங்குவார்மா. நேத்து இறங்கல. கடைசி ஸ்டாப்புல இறங்கி, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுட்டிருந்தார்."