கையெழுத்துக்கு வந்த புத்தகம்

பிரெஞ்சு மன்னரின் நூலகர் எத்தியேன் வால்பேர் கையெழுத்துப் போடாமல் பாரீஸில் எந்தப் புதுப் புத்தகமும் கடைக்குப் போக முடியாது. அச்சகக்காரி மதாம் பெர்த்தூ அன்று கொண்டுவந்து நீட்டிய புத்தகத்தின் பெயர், ‘அரண்மனைக் கழுதை’. கழுதை யாரென்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. வால்பேர் இதுவரை எழுதிய நூல்களில் இருந்த பிழைகளைத் தேடியெடுத்து, பேராசிரியர் லொர்மியே அடித்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். மன்னர் கண்ணில் பட்டால் நூலகர் பதவி காலி.

வால்பேர் நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தார்.

“கையெழுத்துப் போட மாட்டேன்.”

“கோபப்படாதீங்க ஐயா. எழுதினது அவர். நான் அச்சடிக்கிறவதானே?”

“திட்டினதுக்காக இல்லம்மா. இவனுக்கு ஒழுங்காத் திட்டக்கூடத் தெரியலை. என் கிரேக்க சரித்திரத்துல ஒரே ராஜாவை ரெண்டு தடவை சாகடிச்சிருக்கேன். ஒரு தடவை விஷம், இன்னொரு தடவை வெள்ளம். அதுகூடக் கண்ணுல படலை. இவனெல்லாம் ஒரு பேராசிரியர்.”

மதாமுக்குச் சிரிப்பு முட்டியது. “அப்போ அதையும் சேர்த்துடலாமா?”

வால்பேர் உட்கார்ந்து இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். பக்கத்தின் ஓரமெல்லாம் எழுதி நிரப்பியும் இடம் போதவில்லை. தனித்தாள் ஒன்றை இழுத்துக்கொண்டார்.

மதாமுக்கே பாவமாகிவிட்டது. “ஐயா, இதை அச்சுல ஏத்தினா உங்க வேலை நிச்சயமாப் போயிடும்.”

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“அந்த ராஜாவுக்கு, அவர் பொறக்கறதுக்கு முந்தியே கல்யாணம் பண்ணிவெச்சிருக்கேன். அதுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குங்க.”