கரண்ட் வரும் வரைக்கும்

மின்விசிறி சுற்றி நிற்பதற்குள் அவள் கொல்லைக்கு ஓடிவிட்டாள்.

பெட்ரோல் குழாயைத் திறந்தாள். சோக்கை இழுத்தாள். ஜெனரேட்டரின் தலையில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது.

மேலே தகரம் அதிர்ந்தது. புகை மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போனது.

"இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

கட்டிலுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தது. அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. சொருகுவதற்குத்தான் எதுவும் இல்லை. ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு விட்டவர்கள் போன வாரமே வந்து தூக்கிப்போய்விட்டார்கள்.

அவர் செத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

கூறுகெட்டவளே, என்று தன்னையே திட்டினாள்.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு வேலை என்று சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். அவர்தான் முதல் நாளே பேப்பரில் பார்த்துச் சொல்லுவார். பெட்ரோல் இருக்கான்னு பாத்துக்கோ என்பார். கல் குவாரித் தூசி தின்றது போக மிச்சமிருந்த நுரையீரலில் பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். அதிலும் கேலிக்குக் குறைச்சல் இல்லை. "தேரா இழுக்குற? மெதுவா இழுடி."

இப்போது சொல்ல ஆளில்லை. சொன்னாலும் இனி எதற்கு?

அணைத்துவிடலாம் என்று திரும்பக் கொல்லைக்குப் போனாள். சுவிட்சில் விரலை வைத்தாள்.

அழுத்த முடியவில்லை.

கரண்ட் வராமல் அதை அவள் ஒருநாளும் அணைத்ததில்லை. அணைத்தால் அவருக்கு மூச்சு நின்றுபோகும். நாலு வருஷமாக அந்த விரலுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஓடுகிற சத்தம் கொஞ்சம் பிசகினாலும் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு ஓடிவருவாள்.

அப்படிக் காத்து என்ன கண்டாள்? அவர் போன அன்று கரண்ட் இருந்தது. மெஷின் ஓடியது. ஜெனரேட்டரில் பெட்ரோல் தளும்ப இருந்தது. ஆள்தான் இல்லை.

விரல் சுவிட்சிலேயே இருந்தது.

மதிலுக்கு மேல் ஜெயராணியின் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி. துவைத்த துணியெல்லாம் புகை நாற்றம், பகலில் கண்ணை மூட முடியவில்லை என்று நாலு வருஷமும் சண்டை போட்டவள். இன்றைக்கும் திட்டு கிடைக்கும் என்று இவள் நினைத்தாள்.

ஜெயராணி ஜெனரேட்டரைப் பார்த்தாள். சுவிட்சில் இருந்த விரலைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள்.

தலை மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக வந்தாள். இடுப்பில் பேத்தி. கையில் டேபிள் ஃபேன்.

"யக்கா, அமத்திராதீக. பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது. இந்த ஃபேன மாட்டிக்கிடுதேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாக்ஸில் சொருகினாள். பாயை விரித்துக் குழந்தையைப் போட்டாள். தானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். வந்த காற்றில் குழந்தை தூங்கிப்போனது.

அவள் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் சத்தம் தடுமாறியது. அவள் கொல்லைக்கு ஓடினாள். டேங்கைத் திறந்து பார்த்தாள். அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. கேனும் காலி. இனி எதற்கு என்று வாங்காமல் விட்டிருந்தாள்.

ஜெயராணி காலிக் கேனைப் பார்த்தாள். எழுந்து போனாள். மகனுடைய பைக்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஓடும்போது ஊற்றக்கூடாது, தீப்பிடித்துவிடும் என்று ஜெனரேட்டர் விற்ற கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் எப்போதும் ஓடும்போதேதான் ஊற்றுவாள். இன்றைக்கும் அப்படியே ஊற்றினாள். புனலைப் பிடித்திருந்த ஜெயராணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாலு வருசமா இப்படியாக்கா ஊத்துனீக?"

அவள் தலையை ஆட்டினாள்.

ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் காலையில் காயப்போட்ட துணிகள் புகைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. எடுக்கப் போகவில்லை.

வெயில் தாழ்ந்தது.

தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மேலே மின்விசிறி அசைந்தது.

"கரண்ட் வந்துட்டுக்கா" என்றாள் ஜெயராணி, மெதுவாக.

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். டேபிள் ஃபேனின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரில் சொருகினாள். ஃபேன் சுற்றுகிறதா என்று நின்று பார்த்தாள். சுற்றியது. எப்போதும் அவள் செய்கிற வரிசை அது. மெஷினை முதலில் சுவருக்கு மாற்ற வேண்டும். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொல்லைக்குப் போக வேண்டும்.

போனாள்.

சுவிட்சை அழுத்தினாள். ஜெனரேட்டர் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

அணைத்த கையோடு உள்ளே காது கொடுப்பாள். மெஷின் புஸ், புஸ் என்று மூச்சு விடுவது கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

காது கொடுத்தாள்.

குழந்தை தூக்கத்தில் மூச்சுவிடுவது கேட்டது.

அவள் அங்கேயே, சூடு ஆறாத ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து உலுக்கியும் வராத அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள்.