ஒரே ஒரு கறுப்பு மொச்சை

"நாற்பத்து மூணு வெள்ளை, ஒரு கறுப்பு!"

ஊர்த்தலைவி ஹெத்விகா அந்தக் கறுப்பு மொச்சையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். தட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன.

வெர்தோனியாவின் மலையூர்களில் இன்றைக்கும் மொச்சை ஓட்டுதான். அவரவர் சமையலறையிலிருந்து வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று கொண்டுவர வேண்டும். திரைக்குப் பின்னால் ஒன்றைப் பானையில் போட்டுவிட்டு, மற்றதை வாசலில் காத்திருக்கும் கோழிகளுக்கு வீசிவிடலாம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நாடு முழுக்க இன்று ஓட்டு. சம்மதம் என்றால் வெள்ளை.

பள்ளிக்கூட வாத்தியார் காஸ்பருக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த ஊரில் இந்தக் கேள்வி இரண்டே பேருக்குத்தான். ஒருவர் அவர், மற்றவர் ரொட்டிக்கடை லோவ்ரோ. இருபத்தாறு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் காஸ்பர் கல்யாணப் பேச்சை எடுப்பார். "சட்டம் வரட்டும், மறுநாளே மாதா கோயில் மணி அடிக்கும்" என்பார் லோவ்ரோ. மற்ற நாற்பத்திரண்டு பேரும் நேற்றுவரை "எங்க ஓட்டு உங்களுக்குத்தான்" என்று தோளைத் தட்டியவர்கள். அதில் ஒரு கை கறுப்பைப் போட்டிருக்கிறது.

"யாரு?" என்றார் காஸ்பர்.

"என்னை ஏன் பாக்கறீங்க வாத்தியாரே?" பாதிரியார் பதறினார். "பிஷப்புக்குத் தெரிஞ்சா என் அங்கியைக் கழட்டிடுவார். இருந்தும் வெள்ளைதான் போட்டேன்!"

"என் மேலயும் சந்தேகம் வேணாம்" என்றான் ஆடு மேய்க்கும் ஓரெஸ்த். "போன மாசம் என் ஆடு உங்க தோட்டத்தை மேஞ்சது வாஸ்தவம். ஆனா ஆட்டுக்கு ஓட்டு இல்லியே!"

எல்லோரும் சிரித்தார்கள். காஸ்பருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெத்விகா மொச்சையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன இப்படி உப்பிக் கெடக்கு? நகம் பட்டாலே தோல் உரியுதே! நம்ம ஊர் மொச்சை மாதிரியே இல்லியே?"

"பானையைக் கழுவிட்டுச் சரியாத் துடைச்சிருக்க மாட்டே" என்றான் ஓரெஸ்த்.

"துடைச்சேன்யா! நானே துடைச்சேன்!"

அதற்குள் ரேடியோ அலறியது. நாடு முழுக்க எண்ணி முடித்தாயிற்று. நூற்றுக்கு அறுபத்தொன்று வெள்ளை! யாரோ அக்கார்டியனை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்கள். தபால்காரம்மா ஓடிவந்து காஸ்பரைக் கட்டிக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டீங்க வாத்தியாரே, சிரிங்க!"

"சிரிக்கிறேன். நீங்க எதைப் போட்டீங்க?"

அவள் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அடுத்துக் கட்டிப்பிடிக்க வந்தவரிடமும் அதே கேள்வி. அவரும் முகம் சுளித்தார். எல்லோரும் வெள்ளை என்கிறார்கள், யார் முகத்திலும் பொய் தெரியவில்லை. அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வந்தது? காஸ்பருக்குத் தலை சுற்றியது.

லோவ்ரோ வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "விடு காஸ்பர். நாடே சரின்னு சொல்லியாச்சு. போயும் போயும் ஒரு மொச்சைக்கு ஊரைப் பகைச்சுக்குவியா?"

"நாளைக்கு உன் கடைக்கு ரொட்டி வாங்க வர்றவங்கள்ல ஒருத்தருக்கு நாம ஒண்ணா இருக்கறது பிடிக்கல. அது யாருன்னே தெரியாம எப்படி அவங்ககிட்ட சிரிச்சுப் பேசுவே?"

"ஏதோ பயத்துல போட்டிருப்பாங்க, பாவம்."

"பயமா? நம்மளைப் பாத்து என்ன பயம்?"

லோவ்ரோ குனிந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். இவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்ததும் காஸ்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் காஸ்பர்தான் புலம்பிக்கொண்டு வந்தார்.

"காலையில எவ்வளவு நம்பிக்கையா கிளம்பினோம்! 'ரெண்டு மொச்சை எடுத்துட்டுப் போகணும், அதுதான் முறை'ன்னு நீகூடச் சொன்னே. 'நமக்குக் கறுப்பு எதுக்கு'ன்னு ஒரு வெள்ளையை மட்டும் உன் கோட்டுப் பையில போட்டுட்டு நான் முன்னாடி போனேன். நீ ரொட்டியை இறக்கிட்டுப் பின்னால வந்தே. வரிசையில உனக்கு முன்னாடி யார் நின்னா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

"ஞாபகம் இல்ல" என்றார் லோவ்ரோ. வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து அடுப்பை மூட்டத் தொடங்கினார்.

"சரி, சூப்பையாவது வைப்போம். ஜெயிச்ச நாள்ல பட்டினி கிடக்க வேணாம்" என்றார் காஸ்பர்.

அடுப்பருகில் இருந்த மண்சட்டியின் மூடியைத் திறந்தார். வீட்டில் இருந்த கறுப்பு மொச்சை முழுவதையும் நேற்று அவர்தான் கொட்டி ஊறவைத்திருந்தார். எல்லாம் நன்றாக உப்பியிருந்தன. ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். நகம் பட்டதும் தோல் உரிந்தது.

"லோவ்ரோ..."

லோவ்ரோ நிமிரவில்லை. கோட்டுப் பையில் கைவிட்டு, காலையில் காஸ்பர் போட்டுக் கொடுத்த வெள்ளை மொச்சையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இருபத்தாறு வருஷமா 'சட்டம் வரட்டும், சட்டம் வரட்டும்'னு சொல்லியே தப்பிச்சுட்டேன் காஸ்பர்" என்றார் மெதுவாக. "இனிமே உனக்கு நான் என்ன சாக்குச் சொல்லுவேன்?"