பழைய நடிகை மாதிரி

போட்டோ ஸ்டுடியோ தரையில் படிந்திருந்த செம்மண்ணை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அல்போன்சா. உடன்குடித் தேரிக்காட்டு மண் ஒட்டினால் லேசில் போகாது. துடைத்து நிமிர்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ராஜதுரை இறங்கி வந்தார்.

"ஏம்மா, ஒன் படத்தால எங்குடும்பமே நாசமாப் போச்சு!"

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய?"

"எம்மவ பானுப்ரியாவக் காலைல இருந்து காணல. வெள்ளிக்கெழம கல்யாணம். நடிகை மாதிரி படம் புடிச்சி நீதான அவளுக்குக் கிறுக்கு ஏத்திவிட்ட? நடிக்கணும்னு மெட்ராசுக்கு ஓடிருப்பா!"

நல்ல கதைதான் போங்கள். 'பழைய நடிகை மாதிரி எடுத்துக் குடு, மாப்பிள்ள வீட்டுல அசந்துபோவணும்' என்று போன மாதம் மகளை இழுத்துக்கொண்டு வந்தவரே இவர்தான். சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கதாநாயகிகளைப் பார்த்து, இந்தப் புருவம், இந்தச் சாய்ந்த பார்வை என்று தேர்ந்தெடுத்ததும் இவர்தான்.

"லைட்டு பிரமாதம், கண்ணு என்னமா மினுங்குது!" என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டார். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள், பாவம். இரண்டாம் தாரமாகப் போகமாட்டேன் என்றதற்கு அவள் தோளில் விழுந்த பிரம்புத் தழும்பையும் கம்ப்யூட்டரில் அழித்தது அல்போன்சாதான்.

"வீட்ல ஒரு படம் விடாமத் தூக்கிட்டுப் போய்ட்டா. எம் போன்ல கெடந்ததையும் அழிச்சிட்டா. ஒங்கிட்ட இருக்கதக் குடு. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேசன் பூரா போஸ்டர் ஒட்டப்போறேன். சிக்கட்டும், கால ஒடிச்சாவது தாலி கட்ட வைக்கேன்."

அல்போன்சா கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் அருகருகே இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் சப்பை மூக்கும் கன்னத்தில் மிளகளவு மருவுமாகப் பானு இருந்தாள். மற்றதில் மூக்கு கூராகி, புருவம் வில்லாகி, மரு இருந்த இடமே தெரியாமல் ஒரு கதாநாயகி சாய்ந்து பார்த்தாள்.

ராஜதுரை மருவுள்ள படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது..."

அல்போன்சா அதைச் சட்டென்று மூடப் போனாள்.

"இத மொதல்ல அழி. இந்த மருவும் மூஞ்சியுமாவா ஊர் பூரா ஒட்டச் சொல்லுத? சம்பந்தக்காரன் பாத்தா காறித் துப்புவான். நடிகை மாதிரி இருக்குல்லா, அதக் குடு."

அழித்தாள். கேட்ட படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மகளைக் காணாத நேரத்திலும் மனுசனுக்குக் கௌரவம்தான் பெரிதாக இருந்தது. துடைத்த தரையில் தன் பங்குக்குச் செம்மண்ணைப் பதித்துவிட்டு அவர் போனார்.

கார் துறைமுகச் சாலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள் அல்போன்சா. பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏளா பானு, வெளிய வா. அந்தப் படத்த வச்சி ஒன்ன ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."